கடற்கரையில் குதிரைச் சவாரி நடத்த உரிமம் எதற்கு?

முட்டம், சொத்தவிளை போன்ற கடற்கரைகளில் சொந்தக் குதிரையை வாடகைச் சவாரிக்கு விட உரிமம் வேண்டுமா என்பது கேள்வி. உரிமம் என்பது, பொது இடத்தில் கட்டணம் பெற்று ஒரு தொழிலைச் செய்ய உள்ளாட்சி அமைப்பு நிபந்தனைகளுடன் எழுத்தில் தரும் அனுமதி.

வேண்டும் என்பதே பதில். உரிமம் கேட்பதன் காரணம் வரி வசூல் மட்டுமன்று. ஏறுபவர் பெரும்பாலும் குழந்தை. சுமப்பதோ, தன் வலியைச் சொல்ல முடியாத உயிர். மேலும், கிளாண்டர்ஸ் என்னும் கொடிய நோய் குதிரையிடமிருந்து மனிதருக்கும் தொற்றக்கூடியது என்பதால், அரசு கால்நடை மருத்துவரின் உடல்நலச் சான்றை முதலில் பெற்றுவிடுவதே நல்லது. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், நோயுற்ற, காயமுற்ற விலங்கை வேலை வாங்குவதைக் குற்றமாக்குகிறது. அதன்கீழ் வந்த 1965ஆம் ஆண்டு விதிகள், வண்டி இழுக்கும், சுமை தூக்கும் விலங்கை நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேலும், ஓய்வின்றித் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேலும், வெப்பம் 37 டிகிரியைக் கடக்கும் இடங்களில் நண்பகல் 12 முதல் 3 மணி வரையும் வேலை வாங்கக் கூடாது என்கின்றன. சுடுமணலில் நிற்கும் சவாரிக் குதிரைக்கும் இதே அளவைக் கடைப்பிடிப்பதுதான் நியாயம் என்பேன்.

வீட்டுக் காரைச் சொந்தப் பயணத்துக்கு ஓட்டலாம். வாடகைக்கு விட்டால் பெர்மிட்டும் தகுதிச் சான்றும் தேவை. குதிரையும் அவ்வாறே.

மருத்துவச் சான்று கையில் இருந்தால் அதுவே உரிமம் என்று பலர் எண்ணுகின்றனர். அது குதிரையின் உடல்நிலையைச் சொல்லுமே தவிர, தொழில் நடத்தும் அனுமதியாகாது.