கல்யாணப் பந்தியும் எலக்ட்ரானும்: கம்பி, காந்தம், பல்பு பற்றிய கேள்விகளுக்குப் பதில்

மின்சாரம், காந்தம், பொருளுக்குள் எலக்ட்ரான் நடந்துகொள்ளும் விதம் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் முப்பது வருஷம் இருந்தவன் நான். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் சமையலறையிலிருந்தும் சுவிட்ச் போர்டிலிருந்தும் வந்தவை. அதில் எனக்கு மிகுந்த சந்தோஷம். குவாண்டம் என்பது எங்கோ பெரிய ஆய்வுக்கூடத்தில் மட்டும் நடக்கும் சங்கதி என்ற எண்ணத்தை மாற்ற வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

பதினொன்றாம் வகுப்பு மாணவர்: சார், கம்பிக்குள் எலக்ட்ரான் நத்தையை விட மெதுவாகப் போகிறது என்கிறார்கள். அப்படியானால் சுவிட்சைப் போட்டதும் விளக்கு எப்படி உடனே எரிகிறது?

அவர்கள் சொல்வது சரிதான், தம்பி. 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 1 ஆம்பியர் ஓடினால், எலக்ட்ரான் கூட்டம் நொடிக்குச் சுமார் 0.07 மில்லிமீட்டர்தான் நகரும். ஒரு மணி நேரத்தில் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட. வீட்டுக்கு வருவது ஏசி, அதாவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரம் என்பதால் அந்தப் பயணமும் இல்லை. நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் ஆடும். இதே கம்பியில் அந்த ஆட்டம் ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நீளத்தைக்கூடத் தொடாது.

கம்பி முழுக்க எலக்ட்ரான் ஏற்கெனவே நிறைந்திருக்கிறது. சுவிட்சைப் போட்டதும் மின்புலம் கம்பியை ஒட்டி, ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேலான வேகத்தில் பரவுகிறது. பெடலை மிதித்ததும் சைக்கிளின் பின்சக்கரம் சுற்றுகிறதே, அதற்காகப் பெடல் அருகே இருக்கும் செயின் கண்ணி பின்சக்கரம் வரை போய்ச் சேர வேண்டியதில்லை. அது போலத்தான் இதுவும்.

ஆனால் இதோடு நிறுத்தினால் பாதிக் கதைதான். 0.07 மில்லிமீட்டர் என்பது கூட்டம் மொத்தமாக நகரும் வேகம். செம்புக்குள் மின்னோட்டத்தைச் சுமக்கும் எலக்ட்ரான் தனித்தனியாக நொடிக்குச் சுமார் 1,600 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்துகொண்டிருக்கிறது. மின்சாரம் ஓடாதபோதும் அப்படித்தான். கம்பியை எவ்வளவு குளிர வைத்தாலும் அந்த வேகம் அடங்காது.

இதற்குக் காரணமான விதியை வோல்ஃப்காங் பௌலி என்ற இயற்பியலாளர் 1925-ல் சொன்னார். அதைக் கல்யாணப் பந்தியாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு இலைக்கு ஒரு ஆள். இலை என்றால் குவாண்டம் நிலை, அதாவது எலக்ட்ரான் இருக்க அனுமதி உள்ள ஒரு இடம். முன்வரிசை நிரம்பிவிட்டால் அடுத்து வருபவர் பின்வரிசைக்குப் போயே ஆக வேண்டும். பின்வரிசை என்றால் கூடுதல் ஆற்றல், கூடுதல் வேகம். செம்பில் அணுவுக்கு ஒன்று வீதம், ஒரு கன சென்டிமீட்டரில் சுமார் 85-க்குப் பின்னால் 21 சுழியம் போடும் அளவுக்கு எலக்ட்ரான்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்தவர் அந்த வேகத்தில் இருப்பதைத் தவிர வழியில்லை. இந்தப் பந்தியைக் கீழேயும் அடிக்கடி கூப்பிடுவேன்.

எலக்ட்ரீஷியன் ஒருவர்: ஐயா, குண்டு பல்பை மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தால் மின்தடை மிகக் குறைவாகக் காட்டுகிறது. கணக்குப்படி வரவேண்டிய அளவு வரவில்லை. மீட்டர் தப்பா?

மீட்டர் சரி, அண்ணே. 60 வாட், 230 வோல்ட் பல்புக்குக் கணக்குப்படி சுமார் 880 ஓம் வரவேண்டும். எரியாத பல்பை மீட்டரில் பார்த்தால் 60, 70 ஓம் அளவில் நிற்கும். 880 என்பது டங்ஸ்டன் இழை 2,500 டிகிரியை ஒட்டிய சூட்டில் இருக்கும்போது. சுவிட்ச் போட்ட அந்தக் கணத்தில் கால் ஆம்பியர் பல்பு மூன்று ஆம்பியருக்கு மேல் இழுக்கிறது. பழைய பல்புகள் பெரும்பாலும் போடும்போதே 'டப்' என்று போனதை நீங்கள் எத்தனையோ வீட்டில் பார்த்திருப்பீர்கள்.

சூட்டில் தடை ஏன் ஏறுகிறது என்பதில்தான் சுவை இருக்கிறது. எலக்ட்ரான் அணுவில் முட்டி முட்டித் தடுமாறுகிறது என்றுதான் பலரும் சொல்லித் தருகிறோம். பால் ட்ரூட் 1900-ல் கொடுத்த படம் அது. அது உண்மையானால் சாதாரண அறை வெப்பத்தில் செம்புக்குள் எலக்ட்ரான் ஒவ்வொரு அணுவிலும் இடித்திருக்க வேண்டும். நிஜத்தில் நூற்றைம்பது அணு தூரம் இடிக்காமல் போகிறது! எலக்ட்ரான் அலையாகவும் இருப்பதால், ஒழுங்காக அடுக்கிய அணு வரிசை அதற்குத் தடையே அல்ல என்று ஃபெலிக்ஸ் பிளாக் 1928-ல் காட்டினார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டுதான்.

அப்படியானால் அலையைச் சிதறடிப்பது எது? ஒழுங்கு குலைவதுதான். சூட்டில் அணுக்கள் அதிரும், வரிசை கலையும், தடை ஏறும். கலப்படம் இருந்தாலும் இதே கதை. மின்கம்பிக்குச் சுத்தமான செம்பு கேட்பது வெறும் வியாபாரப் பேச்சு அல்ல.

இல்லத்தரசி ஒருவர்: என் பையன் காந்தத்தை வைத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றுகிறான். இரும்பில் ஒட்டுகிறது, செம்பில் ஒட்டவில்லை. எவர்சில்வரும் இரும்பில் செய்ததுதானே, அதில் மட்டும் ஏன் ஒட்டவில்லை என்று கேட்கிறான். என்ன சொல்வது?

உங்கள் பையன் கேட்டிருப்பது இந்த வாரத்தின் மிகப் பெரிய கேள்வி, அம்மா. நிதானமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு ஆச்சரியம். பழைய இயற்பியலை, அதாவது நியூட்டன் விதிகளையும் மேக்ஸ்வெல் சமன்பாடுகளையும் மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், எந்தப் பொருளிலும் காந்தத்தன்மை வராது. எல்லாம் ஒன்றையொன்று கழித்துப் பூஜ்யமாகிவிடும். நீல்ஸ் போர் என்ற இயற்பியலாளர் 1911-ல் தன் முனைவர் பட்ட ஆய்விலேயே இதைக் கண்டார். 1919-ல் நெதர்லாந்தின் லெய்டனில் ஹென்ட்ரிகா வான் லியூவென் என்ற பெண் ஆய்வாளர் தனியாகவும் நிறுவினார். அதனால் உங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் அந்தச் சின்னப் பொம்மையே குவாண்டம் இயற்பியலுக்குச் சாட்சி.

ஒவ்வொரு எலக்ட்ரானும் ஒரு குட்டிக் காந்தம். ஸ்பின் என்று அதைச் சொல்கிறோம். செம்பில் ஒரு எலக்ட்ரான் மேல் நோக்கி இருந்தால் இன்னொன்று கீழ் நோக்கி இருந்து கணக்கைச் சமன் செய்துவிடுகிறது. இரும்பில் அணுவுக்குச் சராசரியாக இரண்டு எலக்ட்ரானுக்குச் சற்று மேல் சமனாகாமல் மிஞ்சுகிறது.

மிஞ்சினால் மட்டும் போதாது, எல்லாம் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். அவற்றை வரிசையில் நிறுத்துவது எது? குட்டிக் காந்தங்கள் ஒன்றையொன்று இழுத்து நிற்கின்றன என்றுதான் நானும் படிக்கும் காலத்தில் நினைத்தேன். ஆனால் அந்த இழுப்பு மிக மிக வலுவற்றது. அதை மட்டும் நம்பியிருந்தால், கடும் குளிர்நிலைக்கு மேலே இரும்பு காந்தமாகவே இருக்க முடியாது. நிஜத்தில் இரும்பு 770 டிகிரி செல்சியஸ் வரை தாங்குகிறது. அதற்கு மேல் சூடாக்கினால்தான் காந்தத்தன்மையை விடுகிறது.

விடையை 1928-ல் ஹைசன்பர்க் கொடுத்தார். பந்தி விதிப்படி, ஒரே திசை ஸ்பின் உள்ள இரண்டு எலக்ட்ரான்கள் ஓரிடத்தில் நெருங்க முடியாது. விலகி இருப்பதால் அவற்றின் மின் விலக்குவிசை குறைகிறது, ஆற்றல் மிச்சமாகிறது. அந்த மிச்சத்துக்காகத்தான் இரும்பில் ஸ்பின்கள் ஒரே பக்கம் திரும்புகின்றன. காந்தத்தைக் கட்டி நிறுத்துவது காந்த விசை அல்ல, மின் விசையும் பௌலி விதியும் சேர்ந்த கூட்டு! இதை முதன்முதலாகப் புரிந்துகொண்ட அன்று எனக்கு இரவு தூக்கம் வரவில்லை.

இப்போது எவர்சில்வர். 304 வகையில் சுமார் 70 சதவீதம் இரும்பு, 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். நிக்கல் சேர்ந்ததால் அணுக்கள் வேறு விதமாக அடுக்கிக்கொள்கின்றன. அந்த அடுக்கில் ஸ்பின்கள் ஒரே பக்கம் திரும்பி நிற்பதில்லை. இரும்பு இருந்தும் காந்தம் ஒட்டாததற்கு இதுதான் காரணம்.

பையனிடம் ஒரு வேலை கொடுங்கள். எவர்சில்வர் டம்ளரின் நடுப்பகுதியில் காந்தத்தை வைக்கட்டும், ஒன்றும் தெரியாது. அப்புறம் மடித்து உருட்டிய விளிம்பில் மெல்ல நகர்த்தட்டும். சில டம்ளர்களில் லேசாக ஒரு பிடிப்பு தெரியும். தகட்டை மடக்கி அழுத்திய இடத்தில் அணு அடுக்கு மாறி, கொஞ்சம் காந்தத்தன்மை வந்திருக்கிறது. உலோகத்தை வளைத்த வளைப்பை விரல் நுனியில் உணரலாம்.

அதே வீட்டுக் கேள்வி: அப்படியானால் இண்டக்ஷன் அடுப்பில் அலுமினியக் கடாய் வேலை செய்யாததும் இதனால்தானா?

ஆமாம், ஆனால் காந்தம் ஒட்டுவதனால் நேரடியாகச் சூடு வருகிறது என்று எண்ண வேண்டாம். அடுப்பின் சுருள் நொடிக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல் திசை மாறும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அது பாத்திரத்தின் அடியில் சுழல் மின்னோட்டத்தைக் கிளப்புகிறது. அலுமினியத்தில் அந்த ஓட்டம் அரை மில்லிமீட்டர் ஆழம் வரை பரவித் தடையில்லாமல் ஓடிவிடும், சூடு குறைவு. காந்தம் ஒட்டும் எஃகில் அதே ஓட்டம் மேற்பரப்பில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தோலுக்குள் நெருக்கப்படுகிறது. குறுகிய வழி, அதிகத் தடை, அதிகச் சூடு. பாத்திரக் கடைக்குப் போகும்போது ஒரு காந்தம் எடுத்துப் போய் அடியில் ஒட்டிப் பாருங்கள், அது போதும்.

பாலிடெக்னிக் மாணவர்: செம்புக் குழாய்க்குள் காந்தத்தைப் போட்டால் மிதப்பது போல இறங்குகிறது. செம்பில்தான் காந்தம் ஒட்டாதே?

ஒட்டாது. இறங்கும் காந்தம் குழாய்ச் சுவரில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கும், அது காந்தத்தின் நகர்வை எதிர்க்கும். லென்ஸ் என்ற இயற்பியலாளர் 1834-ல் சொன்ன விதி. பழைய ஈபி மீட்டரில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு அலுமினியத் தட்டு சுற்றுமே, அதன் ஓரத்தில் ஒரு காந்தம் பிடித்திருக்கும். தட்டு கட்டுமீறி ஓடாமல் நிறுத்திவைத்த பிரேக் அதுதான்.

ஒரு வாசகர்: காந்த வளையல் போட்டால் ரத்த ஓட்டம் சீராகுமா? ரத்தத்தில் இரும்பு இருக்கிறதே.

ஆகாது. ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு அணுக்கள் தனித்தனியாகச் சிதறி இருக்கின்றன, மேலே சொன்ன கூட்டணி அங்கே கிடையாது. 1.5 டெஸ்லா (காந்தப்புலத்தின் வலிமையை அளக்கும் அலகு) எம்ஆர்ஐ இயந்திரத்துக்குள் படுத்து வருகிறவர்களின் ரத்தம் ஒரு பக்கமாக இழுபடுவதில்லை. தயவுசெய்து அந்தப் பணத்தை மருந்துக்குச் செலவழியுங்கள்.

எல்இடி விளக்கு பழுது பார்ப்பவர்: வெள்ளை எல்இடி பல்பைத் திறந்தால் உள்ளே எல்லாம் மஞ்சள் பொட்டாக இருக்கிறது. வெள்ளை எங்கிருந்து வருகிறது?

மறுபடி பந்திக்கு வருவோம். கீழ்மாடியில் எல்லா இலையிலும் ஆள் இருந்தால் யாரும் நகர முடியாது. அது மின்சாரம் கடத்தாத பொருள். மேல்மாடி காலி. வைரத்தில் இந்த மாடிப்படியின் உயரம் 5.5 எலக்ட்ரான் வோல்ட் (எலக்ட்ரானின் ஆற்றலை அளக்கும் அலகு), யாரும் ஏற முடியாது. சிலிக்கானில் 1.1 தான், சிலர் ஏறிவிடுவார்கள். மேலேயும் ஓடலாம், கீழே காலியான இலை வழியாகவும் நகரலாம். குறைகடத்தி என்பது இதுதான்.

எல்இடியில் மேல்மாடியிலிருந்து ஆள் கீழே காலி இலையில் இறங்கும்போது, படியின் உயரம் அப்படியே ஒளியாக வெளிவருகிறது. உயரம் குறைவு என்றால் சிவப்பு, கூடுதல் என்றால் நீலம். உங்கள் மேசையிலேயே பார்க்கலாம்: எரியும் சிவப்பு எல்இடியின் இரு முனையிலும் மீட்டரை வைத்தால் 2 வோல்ட்டை ஒட்டி இருக்கும், நீலத்தில் 3-ஐ ஒட்டி. நிறத்தை வோல்ட்டில் படிக்கிறீர்கள்.

கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்இடி 1962-லேயே வந்துவிட்டது. பிரகாசமான நீலத்துக்கு 1990-கள் வரை காத்திருந்தோம். காலியம் நைட்ரைடு படிகத்தைப் பழுதில்லாமல் வளர்ப்பது அவ்வளவு கடினம். அதைச் சாதித்த அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது. நீங்கள் பார்த்த மஞ்சள் பொட்டுக்கு அடியில் இருப்பது அந்த நீல எல்இடிதான். நீல ஒளியில் ஒரு பகுதியை மஞ்சள் பூச்சு மஞ்சளாக மாற்றுகிறது, இரண்டும் கலந்து கண்ணுக்கு வெள்ளை.

ஸ்கேன் மையத்தில் வேலை செய்பவர்: எங்கள் எம்ஆர்ஐ காந்தத்தை இரவில்கூட அணைப்பதில்லை. கரண்ட் பில் எகிறாதா?

அந்தச் சுருளுக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. குளிர்விக்கும் கருவிக்குத்தான் செலவு. சுருள் நயோபியம்-டைட்டானியம் கம்பி. திரவ ஹீலியத்தில், மைனஸ் 269 டிகிரியில் அதன் மின்தடை பூஜ்யம். ஒருமுறை ஏற்றிய மின்னோட்டம் வருஷக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இதை முதலில் கண்டவர் லெய்டனில் காமர்லிங் ஓனஸ். 1911 ஏப்ரல் 8 அன்று பாதரசத்தைக் குளிர்வித்தபோது 4.2 கெல்வினை, அதாவது அதே மைனஸ் 269 டிகிரியை ஒட்டி அதன் தடை காணாமலே போனது. காரணம் தெரிய 1957 வரை ஆனது. ஒரு எலக்ட்ரான் போகும்போது சுற்றியுள்ள அணுக்களைக் கொஞ்சம் தன் பக்கம் இழுக்கிறது. அந்த இழுப்பில் இன்னொரு எலக்ட்ரான் சேர்ந்து ஜோடியாகிறது. ஜோடிகளுக்குப் பந்தி விதி கிடையாது, எல்லாம் சேர்ந்து ஒரே அலையாகிவிடும். தனி ஒருவரை இடித்துத் தள்ள அங்கே வழியில்லை.

காந்தம் எப்போதும் உயிரோடு இருக்கிறது என்பதால் ஒன்றை உங்கள் மையத்தில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள்: பரிசோதனை நடக்காத நேரத்திலும் சாதாரண எஃகு ஆக்சிஜன் சிலிண்டர் அந்த அறைக்குள் போகக் கூடாது. உயிர் போகும் விஷயம்.

முதுகலை மாணவி: இந்தத் துறையில் நம் ஊர்க்காரர் யாராவது வேலை செய்திருக்கிறார்களா, ஐயா?

கே. எஸ். கிருஷ்ணன், அம்மா. 1898-ல் வத்திராயிருப்பில் பிறந்தவர். ராமன் விளைவில் ராமனோடு வேலை செய்தவர் என்ற அளவில் மட்டும் நினைவுகூர்கிறோம். அது எனக்கு நெடுநாள் வருத்தம். டாக்காவில் இருந்தபோது அவர் எடுத்துக்கொண்டது படிகங்களின் காந்தத்தன்மை. சின்னஞ்சிறு படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் தொங்கவிட்டு, காந்தப்புலத்துக்குள் அது எந்தப் பக்கம் திரும்ப முயல்கிறது, அதை மீற இழையை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று அளந்தார். அந்த முறுக்கிலிருந்து, படிகத்துக்குள் ஒரு திசையில் காந்தத்தன்மை எவ்வளவு, மறு திசையில் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

கிராஃபைட் மீதும் அவர் குழு நிறைய வேலை செய்தது. அதன் தாள் போன்ற அடுக்குகளுக்குள் எலக்ட்ரான் தாராளமாக உலாவும், அடுக்கு விட்டு அடுக்கு தாவுவது கடினம். அதனால் அடுக்குக்குச் செங்குத்தாகக் காந்தப்புலம் வந்தால் கிராஃபைட் அதை மற்றத் திசையை விடப் பல மடங்கு பலமாக எதிர்க்கும். உங்களிடம் மெக்கானிக்கல் பென்சில் இருந்தால் அதன் லெட் குச்சி (கிராஃபைட் கலந்தது) ஒன்றை நடுவில் மெல்லிய நூலால் கட்டித் தொங்கவிடுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, குச்சி அசையாமல் நிற்கும் வரை காத்திருங்கள். ஒரு பலமான நியோடிமியம் காந்தத்தை அதன் நுனிக்கு மெல்ல அருகில் கொண்டு போங்கள். குச்சி தொடாமலே விலகி நகரும்.