நீல ஒளிக் கண்ணாடிக்கு 380 வெள்ளி கொடுக்கலாமா?

சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் வாசகி ஒருவரின் கேள்வி: "எனக்கு வயது 44. கிட்டப்பார்வைக்கு இரண்டு கண்ணுக்கும் 250 டிகிரி (மைனஸ் 2.50 பவர்) கண்ணாடி போடுகிறேன். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் ரயிலில் கைப்பேசி, இரவில் மறுபடியும் கைப்பேசி. 10 மணிக்கு மேல் கண் எரிகிறது, எழுத்து மங்குகிறது, நெற்றி வலிக்கிறது. கடைத்தொகுதியில் இலவசமாகக் கண் பரிசோதித்தவர்கள், நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி போடாவிட்டால் விழித்திரை கெட்டுவிடும் என்றார்கள். விலை 380 வெள்ளி. பயந்துபோய் 50 வெள்ளி முன்பணம் கொடுத்துவிட்டேன். மீதியைக் கட்டட்டுமா?"

கட்ட வேண்டாம்.

கைப்பேசியிலிருந்து வரும் நீல ஒளி, பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கும்போது உங்கள் கண்ணில் விழும் வெயிலோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம். அது விழித்திரையைக் கெடுக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. இந்தக் கண்ணாடிகளைப் பற்றிய 17 ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரன் அமைப்பு 2023ல் சேர்த்துப் பார்த்தது. சாதாரணக் கண்ணாடியைவிட இவை கண் களைப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை. இத்தனைக்குப் பிறகும் மேசை போட்டு, படம் காட்டி, பயமுறுத்தி விற்கிறார்கள். மாதத்துக்கு நான்கைந்து பேராவது இந்தக் கண்ணாடியோடு என் அறைக்கு வந்து, "இன்னும் எரிகிறதே டாக்டர்" என்கிறார்கள். எரியத்தான் செய்யும்.

உங்களுக்கு நடப்பவை இரண்டு. முதலாவது கண் உலர்ந்துபோவது. சாதாரணமாக நிமிடத்துக்குச் சுமார் 15 முறை கண் சிமிட்டுகிறோம். திரையை உற்றுப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே போய்விடும். அலுவலகம், ரயில், படுக்கையறை என்று எங்கும் குளிர்சாதனக் காற்று. அப்புறம் எரியாமல் என்ன செய்யும்? 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 விநாடியாவது 6 மீட்டருக்கு அப்பால் பாருங்கள். எதிர் புளோக்கில் காயும் துணிகளைப் பார்த்தால் போதும். முழுதாக இமை மூடித் திறவுங்கள். எழுத்தைப் பெரிதாக்கி, கைப்பேசியைக் கொஞ்சம் தள்ளிப் பிடியுங்கள். தேவைப்பட்டால் செயற்கைக் கண்ணீர் விடலாம். ஒரு நாளைக்கு நான்கு முறைக்கு மேல் விடுவதாக இருந்தால், பதப்படுத்தும் மருந்து சேர்க்காத சிறு குப்பிகளாக வாங்குங்கள்.

சிவப்பை மறைக்கும் சொட்டு மருந்து வேண்டவே வேண்டாம். தொடர்ந்து விட்டால், நிறுத்தியதும் சிவப்பு முன்னைவிட அதிகமாகத் திரும்பி வரும். ஊருக்குப் போய்வரும் உறவினர் பையில் போட்டுக் கொண்டுவரும் சொட்டு மருந்தையும் தொடாதீர்கள். அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். அன்றைக்குச் சுகமாகத்தான் இருக்கும். மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தம் சத்தமில்லாமல் ஏறி, பார்வை நரம்பு போன பிறகுதான் தெரியவரும். அப்படிப் போன பார்வையை என்னால் மீட்டுக் கொடுக்க முடியாது.

இரண்டாவது, வெள்ளெழுத்து. நாற்பதைத் தாண்டினால் எல்லாருக்கும் வருவதுதான். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகிவிடுவதால் கிட்டத்தில் பார்க்கக் கண் பாடுபடுகிறது. நீங்களோ தூரப் பார்வைக்கான கண்ணாடியைப் போட்டுக்கொண்டே கைப்பேசி பார்க்கிறீர்கள். இன்று இரவு ஒன்று செய்து பாருங்கள். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கைப்பேசியை 40 சென்டிமீட்டரில் பிடியுங்கள். எழுத்து பளிச்சென்று தெரிந்து நெற்றியும் இளகினால், மங்கலுக்கும் நெற்றிவலிக்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கண்ணாடியைக் கழற்றிப் படித்தால் டிகிரி ஏறும் என்று யாராவது சொல்வார்கள். உங்கள் வயதில் ஏறாது. ஆனால் இந்த உபாயம் எல்லாருக்கும் பொருந்தாது, அதைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். 10,000ஐ உங்கள் டிகிரியால் வகுத்தால், கண்ணாடி இல்லாமல் எத்தனை சென்டிமீட்டரில் தெளிவாகத் தெரியும் என்பது வரும். 250 என்றால் 40. வசதியான தூரம். 400 என்றால் 25, கொஞ்சம் நெருக்கம். 600 என்றால் 17கூட வராது, மூக்கில் இடிக்கும். அவர்கள் கழற்றக் கூடாது. ஒரு கண் 100, மறு கண் 350 என்று இருப்பவர்களுக்கு ஒரு கண்தான் வேலை செய்யும், அவர்களுக்கும் ஆகாது. ஆஸ்டிக் (கருவிழி சீராக வளையாத குறை) அதிகமாக இருந்தால் கழற்றினாலும் எழுத்து நிழலடிக்கும். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்களால் நினைத்த நேரத்தில் கழற்ற முடியாது. உங்கள் தோழிக்கு 550 இருந்தால், நான் உங்களுக்குச் சொன்னதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

மருத்துவச் செலவுக்கென்று சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் மெடிசேவ் பணத்தில் கண்ணாடி வாங்க முடியாது. பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்) போன்ற இடத்தின் பரிந்துரைக் கடிதம் இல்லாமல் சிறப்பு மருத்துவரிடம் போனால் சலுகைக் கட்டணம் கிடைக்காது. கடிதம் வாங்கினாலும் காத்திருக்க வேண்டும். வெறும் வெள்ளெழுத்துக்காக ஒருவர் இத்தனை படி ஏற வேண்டுமா? இந்த அலைச்சலுக்குப் பயந்துதான் 'இலவசம்' என்ற பலகையைப் பார்த்ததும் மக்கள் உட்கார்ந்துவிடுகிறார்கள். உங்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அக்கம்பக்கக் கடையில், பார்வையை அளந்து கண்ணாடிக்கு எழுதித் தரும் பதிவுபெற்ற ஆப்டோமெட்ரிஸ்ட் இருக்கிறாரா என்று கேளுங்கள். பெயரை அவர்களுக்கான வாரியத்தின் இணையப் பதிவேட்டில் தேடிப் பார்க்கலாம். சட்டையில் பெயர்ப்பட்டை குத்திய எல்லாரும் ஆப்டோமெட்ரிஸ்ட் அல்ல. "கைப்பேசி பார்க்கும் தூரத்துக்கும் அளந்து சொல்லுங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காவிட்டால் தூரப் பலகையோடு முடித்துவிடுவார்கள். பரிசோதனைக்குத் தனிக் கட்டணம் கேட்டால் கொடுங்கள், அது நியாயமான காசு.

திடீரென்று மின்னல்போல் ஒளி தெரிந்தாலோ, கரும்புள்ளிகள் கொட்டினாலோ, ஒரு பக்கம் திரை விழுந்ததுபோல் மறைத்தாலோ கடிதத்துக்குக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

50 வெள்ளி? ரசீதை எடுத்துக்கொண்டு போய், கண்ணாடி வேண்டாம் என்று எழுத்தில் கொடுத்துத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் பயனீட்டாளர் சங்கத்தை நாடுங்கள். திரும்பக் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, மிச்சம் 330 வெள்ளி உங்கள் கையிலேயே இருக்கட்டும்.