ஒன்பதாம் வகுப்புக்குப் பிறகும் வீட்டிலேயே படிக்கும் பிள்ளை: பணத்துக்கு என்ன வழி?

தென்னாப்பிரிக்காவில் கட்டாயக் கல்வி பிள்ளைக்கு 15 வயதாகும் ஆண்டோடு முடிகிறது. அதற்கு முன்பே ஒன்பதாம் வகுப்பு முடிந்தால் அதோடு சரி. வீட்டில் பாடம் நடத்தும் குடும்பங்களுக்குப் பெரிய செலவு வருவதே அதன் பிறகுதான். என் மகளை வீட்டில் வைத்தே மேட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) வரை படிக்கவைத்தவள் நான். நம் குடும்பங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, பையனுக்கு 16. பள்ளிக்கூடம் போகாவிட்டால் அரசின் சமூக உதவி அமைப்பான சாசா தரும் பிள்ளை கிராண்ட் (மாத உதவித்தொகை) நின்றுவிடும் என்கிறார்களே? (ஃபீனிக்ஸ்)

நிற்காது, தங்கச்சி. இந்தப் பயத்திலேயே எத்தனையோ தாய்மார் அந்த அலுவலகத்துப் பக்கம் போவதில்லை, அதுதான் எனக்கு வருத்தம். 7 வயதுக்கு மேல் படிப்புக்கான சான்று கேட்பார்கள். பிள்ளை பள்ளியில் இல்லை என்று தெரிந்தால் சமூகப் பணியாளர் வந்து விசாரிக்கலாம். அதற்காகப் பணத்தை நிறுத்த விதியில் இடமில்லை. வீட்டுக்கல்விப் பதிவுக் கடிதம், பாடத்திட்டம் தரும் நிறுவனத்தின் ரசீது, மதிப்பீட்டுத் தாள்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

2025 ஏப்ரலில் இந்த கிராண்ட் மாதம் 560 ராண்டு ஆனது. தனியாக வளர்ப்பவருக்கு வருமான வரம்பு அதைப்போல் பத்து மடங்கு, அந்தக் கணக்கில் அப்போது மாதம் 5,600; கணவன் மனைவி இருவர் என்றால் அதில் இரு மடங்கு, 11,200. பிள்ளைக்கு 18 நிறையும் மாதத்தோடு நின்றுவிடும். படிப்பு பாதியில் இருந்தாலும் நீட்டிப்பு கிடையாது. 16 ஆனதும் அடையாள அட்டை எடுத்துவிடுங்கள், முதல் அட்டைக்குக் கட்டணமில்லை.

பத்து முதல் பன்னிரண்டு வரை தொலைக்கல்வியில் படிக்கவைக்கிறோம். அரசு கட்டணச் சலுகை தருமா? (வெருலம்)

தராது. கட்டணச் சலுகை அரசுப் பள்ளிக்கு மட்டும்தான். வீட்டுக்கல்விக்கென்று அரசு ஒரு சென்ட்கூட ஒதுக்குவதில்லை. இதை நான் நியாயம் என்று நினைக்கவில்லை, ஆனால் கணக்குப் போடும்போது தெரிந்திருக்க வேண்டும். மூன்று வருடக் கட்டணத்தோடு தேர்வுக் கட்டணத்தையும் சேர்த்து எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தேர்வு நடத்தும் அமைப்புக்கு உமலுசியின் (பள்ளித் தேர்வுகளின் தரத்தைக் கண்காணிக்கும் அமைப்பு) அங்கீகாரம் உண்டா என்று பார்த்த பிறகே முன்பணம் கட்டுங்கள்.

கையில் பணமே இல்லையென்றால் தொழிற்கல்வி தரும் டிவெட் கல்லூரியை யோசியுங்கள். தேசியத் தொழிற்சான்றிதழ் படிப்பில் ஒன்பதாம் வகுப்பு முடித்தவர்கள் சேரலாம். குடும்ப வருமானம் வருடத்துக்கு 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் அரசின் மாணவர் நிதியுதவித் திட்டமான என்எஸ்ஃபாஸ் உதவிக்கு விண்ணப்பிக்கலாம். மேசை முன் உட்காரப் பிடிக்காமல் கைவேலையில் கெட்டியாக இருக்கும் பிள்ளைக்கு இது உண்மையிலேயே நல்ல வழி.

பிரிந்துபோன கணவர், "பள்ளிக்கூடம் போகாத பையனுக்கு, அதுவும் 18 ஆனபிறகு, நான் எதற்குப் பணம் தரவேண்டும்?" என்கிறார். (மெரிபேங்க்)

அவர் சொல்வது சட்டமில்லை. பிள்ளை சொந்தக் காலில் நிற்கும்வரை தாங்குவது தாய் தகப்பன் இருவருக்கும் கடமை, அவரவர் வசதிக்கேற்ப. 18 ஆனதும் அது தானாக அறுந்துவிடாது. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலுள்ள ஜீவனாம்சப் பிரிவுக்குப் போங்கள். வக்கீல் வேண்டாம், மனுவுக்குக் கட்டணமும் இல்லை. புத்தகம், இணையம், தேர்வு, டியூஷன் என்று மாதச் செலவை ரசீதோடு எழுதிக்கொண்டு போங்கள். "வீட்டில்தானே படிக்கிறான், என்ன செலவு?" என்று கேட்பவருக்கு அந்தத் தாளைவிட நல்ல பதில் கிடையாது. 18 தாண்டியபின் மகனே தன் பெயரில் கேட்கலாம்.

நீதிமன்ற உத்தரவோடு பேத்தியை வளர்க்கிறேன், அவளுக்கு 17. வளர்ப்புப் பிள்ளைக்கான கிராண்ட் நின்றுவிடுமா அம்மா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

படிப்பை முடிக்கவேண்டும் என்ற காரணத்தைக் காட்டி 21 வயதுவரை நீட்டிக்கக் கேட்கலாம் அம்மா. 18 ஆகும் வருடத்து டிசம்பர்வரை காத்திருக்காதீர்கள். இப்போதே உங்கள் சமூகப் பணியாளரைப் பாருங்கள், படிப்பில் பதிவான சான்றைக் கையோடு கொண்டுபோங்கள்.

சென்னையிலிருந்து வேலை விசாவில் வந்திருக்கிறோம். எங்களுக்கு? (ஜோகன்னஸ்பர்க்)

பிள்ளை கிராண்ட் குடிமக்கள், நிரந்தரமாக வசிக்க அனுமதி பெற்றவர்கள், அகதிகளுக்கு மட்டும். கம்பெனி பிள்ளை படிப்புக்குப் படி கொடுத்தால், அது தொலைக்கல்விக் கட்டணத்துக்கும் பொருந்துமா என்று ஒப்பந்தம் புதுப்பிக்கும் முன் கேளுங்கள்.