வயலில் வேலை செய்த பிள்ளைகள்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

நூறு வருஷத்துக்கு முன்பு அமெரிக்காவில் வேலை பார்த்த பிள்ளைகளை லூயிஸ் ஹைன் என்ற புகைப்படக்காரர் எடுத்த படங்கள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நூற்பாலைச் சிறுமிகளின் படங்கள் மனதைப் பிசைந்தன. ஆனால் அப்பா அம்மாவோடு வயலில் வேலை செய்த பிள்ளைகளையும் குழந்தைத் தொழிலாளர் என்று அதே கணக்கில் சேர்த்துவிட்டீர்களே? நானும் பள்ளி விட்டு வந்து களை பறித்தவன்தான். அது வளர்ப்பு இல்லையா?

எம்., நாமக்கல்

அன்புள்ள எம்.,

பாதி உங்கள் பக்கம்தான். 1910 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், அமெரிக்காவில் 10 முதல் 15 வயதுக்குள் வேலை பார்த்தவர்கள் ஏறக்குறைய 20 லட்சம் பேர். பத்தில் ஏழு பேர் விவசாயத்தில், அவர்களிலும் பெரும்பாலோர் சொந்த வீட்டு நிலத்தில். அவர்களை விட்டுவிடுவோம். நான் சொன்னது, சொந்த நிலமில்லாமல் பருவத்துக்குப் பருவம் ஊர் மாறிப் போன குடும்பங்களை.

நியூ ஜெர்சியில் கிரான்பெர்ரி என்ற சிறு புளிப்புப் பழம் விளையும் வயல்களுக்கு ஃபிலடெல்ஃபியாவிலிருந்து இத்தாலியக் குடும்பங்களைக் கூட்டிவந்த ஆள்பிடிக்கும் தரகருக்கு ‘பத்ரோனே’ என்று பெயர். நம் ஊரில் சொன்னால் கங்காணி, வேறு சொல்லே வேண்டாம். 1910 செப்டம்பர் 28 அன்று ஹைன் அங்கே ஒரு பத்து வயதுப் பெண்ணைப் படமெடுத்தார். மூன்று கோடையாக வேலை செய்கிறாள், கைக்குழந்தையையும் பார்த்துக்கொள்கிறாள், பழம் நிரம்பிய பெட்டிகளையும் சுமக்கிறாள். பள்ளி திறந்து இது நாலாவது வாரம், இவர்கள் இன்னும் இரண்டு வாரம் இருப்பார்கள் என்று படத்தோடு எழுதி வைத்திருக்கிறார். அவள் பள்ளி பென்சில்வேனியாவில், வேலை நியூ ஜெர்சியில்; இங்கே உள்ள அதிகாரிக்கு அவள் வெளியூர்ப் பிள்ளை, அங்கே உள்ள அதிகாரிக்கு அவள் கண்ணிலேயே இல்லை.

கொலராடோவில் சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு. 1915இல் ஹைன் அங்கே போனபோது, ரஷ்யாவிலிருந்து வந்து குடியேறிய ஜெர்மானியக் குடும்பங்கள்தான் அதிகம். கூலி ஆளுக்கு இல்லை, ஏக்கருக்கு இவ்வளவு என்று குடும்பத்தோடு ஒப்பந்தம், அதனால் ஏழு வயதுக் கையும் கணக்கில் வந்துவிடும். வசந்தத்தில் முட்டிபோட்டு ஊர்ந்தபடி நாற்றைக் கலைத்துவிட வேண்டும், இலையுதிர் காலக் குளிரில் அறுவடை. அதற்கென்றே ஒரு கத்தி, நுனியில் கொக்கி இருக்கும். கொக்கியால் கிழங்கைக் குத்தித் தூக்கி, முழங்காலில் அணைத்துக்கொண்டு, ஒரே வெட்டில் தழையை நறுக்க வேண்டும். கை தவறினால் வெட்டு காலில். நீங்கள் களை பறித்ததை இதோடு சேர்த்துப் பாருங்கள், நான் ஏன் பிரித்தேன் என்று புரியும்.

அப்புறம் அந்த ‘வளர்ப்பு’ என்ற சொல். வயல்வெளி, நல்ல காற்று, பெற்றோர் கண் முன்னால் வேலை என்று இதையேதான் அன்றைக்கும் நிறையப் பேர் சொன்னார்கள், தோட்ட முதலாளிகளுக்கு அது வசதியாகவும் இருந்தது. குழந்தைத் தொழிலைத் தடுக்க வந்த 1916 சட்டம் சுரங்கம், ஆலை, பதப்படுத்தும் கூடம் வரை போனது, வயல் வரை வரவில்லை. அதையும் 1918இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 1938இல் நிலைத்து நின்ற சட்டம் வந்தபோதும் விவசாயத்துக்குத் தனிச் சலுகை. இன்றைக்கும் அங்கே 12 வயதுப் பிள்ளை, பெற்றோர் சம்மதித்தால், பள்ளி நேரத்துக்கு வெளியே கூலிக்கு வயலில் வேலை செய்யலாம். எனக்கு இதுதான் ஆறவில்லை.

ஹைனின் படங்கள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆலைப் படங்களோடு நிறுத்திவிடாமல் கிரான்பெர்ரி, பீட் என்றும் தேடிப் பாருங்கள். படத்தின் கீழே அவர் எழுதிய குறிப்புகளை விட்டுவிடாதீர்கள்.