காமிக்ஸிலிருந்துதான் கார்ட்டூன் தொடர்கள் பிறக்கின்றனவா?

தருமபுரி பேருந்து நிலையக் கடையில் சோட்டா பீம் காமிக்ஸைப் பார்த்த உங்கள் மகள், புத்தகம் முதலில் வந்ததா, தொடரா என்று கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். தொடர்தான் முதலில் வந்தது. 2008-இல் தொலைக்காட்சியில் தொடங்கிய பிறகே அது புத்தகமாயிற்று. டின்டின் என்னும் காமிக்ஸ் நாயகனோ நேர்மாறாக, 1929-இல் பெல்ஜியப் பத்திரிகையில் பிறந்து பின்னர் திரைக்குச் சென்றவர். இருவழிப் போக்குவரத்துக்கு என்னைப் பெரிதும் கவர்ந்த சான்று ஹார்லி குவின்: காமிக்ஸைத் தழுவிய பேட்மேன் அனிமேஷன் தொடருக்காக 1992-இல் உருவாக்கப்பட்ட அப்பாத்திரம், மறு ஆண்டே காமிக்ஸுக்குள் நுழைந்து நிலைத்துவிட்டது.

கதை ஒன்றானாலும் வேலை வேறு. காமிக்ஸில் ஒரு படக்கட்டத்தில் தாவுவதற்குக் காலை உயர்த்தும் வீரன் அடுத்த கட்டத்தில் கூரைமேல் நிற்பான். இடைப்பட்ட தாவலை வாசகரின் மனமே வரைந்துகொள்கிறது. அனிமேஷனில் அந்தத் தாவலை ஓவியர்களே நொடிக்கு 24 சட்டகங்களாக நிரப்ப வேண்டியிருப்பதால், உடையின் நுண்கோடுகளைப் பெரும்பாலும் குறைத்துவிடுகிறார்கள். மகளுக்கு இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டுங்கள். அந்த வேறுபாட்டை அவளே கண்டுபிடிப்பாள்.