டூரிங் பைக்கின் இழுவை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என்னிடம் இருப்பது இரட்டை சிலிண்டர் கொண்ட, காற்றால் குளிரும் கார்புரேட்டர் வகை டூரிங் பைக். 60,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு, இரு பக்கமும் பெட்டிகளை மாட்டி ஏற்றத்தில் போனால் வண்டி திணறுகிறது. பெரிய பிஸ்டனும் வேறு கேம் ஷாஃப்டும் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) போட்டால் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். அவ்வளவு செலவு செய்ய என்னிடம் வசதியில்லை. வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. அதற்கு ஆகும் செலவும் மெக்கானிக் சொன்ன வேலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. இவ்வளவு தூரம் ஓடிய இன்ஜின், புதிதில் தந்த இழுவையை இன்னும் தருகிறதா என்று பார்க்காமல் கூடுதல் திறனுக்காகச் செலவு செய்யக் கூடாது. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் கலவையை அழுத்தும் அழுத்தம்) கசிகிற இன்ஜினில் கேம் ஷாஃப்டை மாற்றினால், பணம் போன பிறகும் பழைய குறை அப்படியே இருக்கும்.

முதலில் கம்ப்ரஷன் சோதனையைச் செய்துவிடுங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது இரண்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, இக்னிஷனைத் துண்டித்துவிட்டு, த்ராட்டிலை முழுவதும் திறந்து வைத்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கேஜ் காட்டும் அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். அளவு குறைவாக இருந்தாலோ, இரண்டு சிலிண்டருக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருந்தாலோ, பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயிலை விட்டு மீண்டும் சோதியுங்கள். அப்போது அளவு நன்றாக ஏறினால் கசிவு பிஸ்டன் ரிங் பக்கம் இருக்கிறது. ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வில் இருக்கிறது. கால் மணி நேரத்தில் முடியும் இந்தச் சோதனை, இன்ஜினைப் பிரிக்க வேண்டுமா வேண்டாமா என்பதைச் சொல்லிவிடும்.

அடுத்தது வால்வு இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் இடையே விடப்படும் சிறு இடைவெளி. சத்தம் வந்தால்தான் டேப்பெட்டை (அதாவது இந்த இடைவெளியை) பார்க்க வேண்டும் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. உண்மையில் சத்தம் போடும் வால்வைவிட, இடைவெளி குறைந்து சத்தமே இல்லாமல் இறுகிப்போன வால்வுதான் ஆபத்தானது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டின் பெரும்பகுதியை, மூடியிருக்கும் நேரத்தில்தான் சீட் (வால்வு அமரும் வளையம்) வழியாக சிலிண்டர் ஹெட்டுக்குக் கடத்துகிறது. முழுவதும் மூடாத வால்வு சூட்டை இறக்க வழியின்றி விளிம்பில் கருகத் தொடங்கும், கம்ப்ரஷனும் போகும். ஆகவே இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, பிஸ்டனை கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் நிறுத்தி, கையேட்டில் உள்ள அளவுக்கு ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) வைத்துச் சரிசெய்யுங்கள்.

இரட்டை கார்புரேட்டர் வண்டிகளில் பலர் கவனிக்காமல் விடுவது, இரண்டும் சமமாகத் திறக்கின்றனவா என்பதைத்தான். ஒன்று முந்தியும் மற்றொன்று பிந்தியும் திறந்தால், ஒரு சிலிண்டர் உழைக்க மற்றது சும்மா சுழலும். அதிர்வு கூடும், பிக்கப் குறையும், பெட்ரோலும் வீணாகும். விலை உயர்ந்த வேக்கம் கேஜ் (உறிஞ்சலை அளக்கும் கருவி) இதற்குக் கட்டாயமில்லை. சில மீட்டர் நீளமுள்ள ஒளி ஊடுருவும் குழாயை ஒரு பலகையில் U வடிவில் கட்டி, அடிப்பகுதியில் கொஞ்சம் இன்ஜின் ஆயிலை நிரப்பி, இரு முனைகளையும் இரண்டு சிலிண்டர்களின் வேக்கம் துவாரங்களில் பொருத்தினால் போதும். உறிஞ்சல் அதிகமாக உள்ள பக்கம் ஆயில் ஏறும். அந்தப் பக்கத்து த்ராட்டில்தான் குறைவாகத் திறக்கிறது என்று பொருள். இரு பக்கமும் சமமாக நிற்கும்வரை இணைப்புத் திருகைச் சரிசெய்யுங்கள். ஆயில் ஒரு பக்கம் வேகமாக ஏறினால் உடனே இன்ஜினை அணைத்துவிடுங்கள். இல்லையெனில் அது சிலிண்டருக்குள் போய்விடும். வால்வு இடைவெளியைச் சரிசெய்த பிறகே இதைச் செய்ய வேண்டும். முன்னதாகச் செய்தால் மீண்டும் செய்ய வேண்டியிருக்கும்.

இவற்றோடு ஏர் ஃபில்டர், பிளக், உரசிக்கொண்டே சுழலும் பிரேக், வறண்ட செயின், வழுக்கும் கிளட்ச், காற்று குறைந்த டயர் ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். ஏற்றத்தில் த்ராட்டிலைத் திருகியதும் இன்ஜின் சத்தம் உயர்ந்து வேகம் உயராமல் இருந்தால், குறை இன்ஜினில் அல்ல, கிளட்சில் இருக்கிறது.

மெக்கானிக் சொன்ன இரண்டையும் பற்றி என் கருத்து: வால்வுகளை நீண்ட நேரம் திறந்து வைக்கும் கேம் ஷாஃப்ட், உயர் சுழற்சியில் திறனைக் கூட்டி, குறைந்த சுழற்சியிலும் நடுச் சுழற்சியிலும் இழுவையைக் குறைக்கும். சுமையோடு ஏற்றம் ஏறும் உங்களுக்குத் தேவை அந்த நடுச் சுழற்சி இழுவைதான். ரீபோர் செய்து (சிலிண்டரைக் கடைந்து) அரை மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போடுவது தேய்மானத்தைச் சரிசெய்யுமே தவிர, 70 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டரில் கொள்ளளவை ஒன்றரை சதவீதம்கூட உயர்த்தாது. நிஜமாகவே பெரிய பிஸ்டனுக்குப் போனால் கிராங்க், கிளட்ச், குளிர்ச்சி எல்லாவற்றின் மீதும் சுமை ஏறும். நெடுந்தூரம் போகும் வண்டிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: முன் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் சுற்றும் பல் சக்கரம்) ஒரு பல் குறைத்தால் இழுவை கூடும் என்கிறார்கள். இன்ஜினுக்குக் கெடுதல் உண்டா?

பதில்: செயின் வண்டிகளுக்கு, செலவிடும் பணத்துக்கு மிகத் தெளிவாக உணரக்கூடிய பலனைத் தருவது இதுதான். 15 பல்லுக்குப் பதில் 14 பல் போட்டால், பின் சக்கரத்துக்குக் கிடைக்கும் முறுக்குவிசை ஒவ்வொரு கியரிலும் சுமார் 7 சதவீதம் உயரும். இன்ஜின் புதிதாக எதையும் உற்பத்தி செய்வதில்லை. அதே வேகத்துக்கு அது 7 சதவீதம் கூடுதலாகச் சுழலும், அவ்வளவுதான். 5,000 சுழற்சியில் ஓடிய வேகத்தில் இனி ஏறக்குறைய 5,360 சுழற்சியில் ஓடும். சமவெளி நெடுஞ்சாலையில் நாள் முழுவதும் ஓட்டுபவருக்கு அதிர்வும் பெட்ரோல் செலவும் சற்றுக் கூடும். மலைப்பாதையில் சுமையோடு ஓட்டுபவருக்கு அது பெரிய நிம்மதி.

முன் ஸ்ப்ராக்கெட் சிறிதாகும்போது செயின் கூர்மையாக வளைவதால் தேய்மானம் கூடும். 45 பல் உள்ள பின் ஸ்ப்ராக்கெட்டை 48 ஆக்கினால் ஏறக்குறைய அதே பலன் கிடைக்கும், வளைவுப் பிரச்சினை இராது. ஆனால் பெரும்பாலும் நீளமான செயின் தேவைப்படும். எப்படியும் செயின் செட் மாற்றும் நேரம் வந்துவிட்டது என்றால், பின்பக்கம் மாற்றுவதே நல்லது. உங்கள் ஸ்பீடாமீட்டர் கியர்பாக்ஸிலிருந்து வேகத்தை எடுப்பதாக இருந்தால், மாற்றத்துக்குப் பிறகு அது உண்மையைவிட அதிக வேகத்தைக் காட்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

கேள்வி: ஃப்யூயல் இன்ஜெக்ஷன் பைக்கில் சைலன்ஸரையும் ஏர் ஃபில்டரையும் மட்டும் மாற்றினால் எத்தனை குதிரைத்திறன் கூடும்?

பதில்: சைலன்ஸரின் கடைசிப் பகுதியை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் சத்தம் கூடும், எடை சில கிலோ குறையும், திறனில் உணரத்தக்க மாற்றம் வருவது அரிது. காற்றோட்டம் கூடிய ஃபில்டரையும் சேர்த்துப் போட்டால், உள்ளே போகும் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் கிடைக்கிறதா என்ற கேள்வி எழும். சீராக ஓட்டும்போது ஆக்ஸிஜன் சென்சார் காற்றையும் பெட்ரோலையும் 14.7-க்கு 1 என்ற எடை விகிதத்தை ஒட்டித் திருத்திக்கொண்டிருக்கும். த்ராட்டிலை முழுவதும் திறக்கும்போது, பல வண்டிகளில் அந்தத் திருத்தம் நின்று, நினைவகத்தில் உள்ள அட்டவணைப்படியே பெட்ரோல் போகும். முழுத் திறனுக்கு ஏறக்குறைய 13-க்கு 1 தேவைப்படும் அந்த இடத்தில் கலவை மெலிந்தால், இன்ஜின் சூடேறி நாக்கிங் (கலவை தாறுமாறாக எரிந்து இன்ஜினில் தட்டும் சத்தம்) வரக்கூடும். ரீமேப் செய்வதற்கும் (அந்த அட்டவணையை மாற்றி எழுதுவதற்கும்) சேர்த்துப் பணம் ஒதுக்க முடியாதென்றால், இரண்டையும் தொடாமல் இருப்பதே நல்லது. கம்பெனி ஃபில்டரை நேரத்துக்கு மாற்றுங்கள்.

கேள்வி: உயர் ஆக்டேன் பெட்ரோல் போட்டால் பிக்கப் கூடுமா?

பதில்: உங்கள் இன்ஜினுக்கு அது தேவை என்று கையேடு சொன்னாலோ, இப்போது நாக்கிங் இருந்தாலோ பலன் உண்டு. மற்றபடி கிடையாது. ஆக்டேன் எண் நாக்கிங்கைத் தாங்கும் தன்மையின் அளவே தவிர, பெட்ரோலில் உள்ள சக்தியின் அளவு அல்ல.

கேள்வி: 3,000 மீட்டர் உயரத்துக்குப் போனதும் என் வண்டி பாதி உயிரோடு ஓடுவதுபோல் இருக்கிறது. எதை மாற்ற வேண்டும்?

பதில்: அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். அதே விகிதத்தில் திறனும் குறைவது இயற்கை. அதை மலிவாக ஈடுகட்ட முடியாது. அதற்கு மேலும் குறைந்து, கரும்புகை வந்து, பிளக்கில் கரி படிந்தால், கார்புரேட்டர் மெல்லிய காற்றுக்குத் தேவையானதைவிட அதிகப் பெட்ரோலை விடுகிறது. பல நாள் அங்கேயே சுற்றப் போகிறீர்கள் என்றால் ஓர் அளவு சிறிய மெயின் ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் துளையுள்ள பாகம்) போடலாம். இறங்கியதும் பழைய ஜெட்டுக்குத் திரும்பியே ஆக வேண்டும்.

சுமையையும் பாருங்கள். 100 கிலோ கூடுதல் எடையை 6 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஏற்ற, ஏறக்குறைய 1 கிலோவாட், அதாவது சுமார் 1.3 குதிரைத்திறன், அதற்கென்றே செலவாகிறது. தேவையற்ற 20 கிலோவை வீட்டில் விட்டுவிட்டு வருவதற்குச் செலவே இல்லை. சமவெளியில் எடையைவிடக் காற்றுத்தடைதான் எதிரி. காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிப்படி உயர்வதால், 100-லிருந்து 120-க்குப் போகும்போது அது 70 சதவீதத்துக்கும் மேல் கூடுகிறது; அகலமான பெட்டிகள் அதை இன்னும் கூட்டும்.

கேள்வி: கம்ப்ரஷன் குறைந்ததால் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றியே தீர வேண்டும் என்றாகிவிட்டது. கழற்றியது கழற்றியதாக, வேறென்ன செய்துகொள்ளலாம்?

பதில்: நல்ல கேள்வி, கழற்றும் கூலி ஒருமுறைதான். எரியறையிலும் பிஸ்டன் தலையிலும் படிந்த கரியை நீக்கி, வால்வு சீட்களைச் சரிசெய்து, வால்வுகளைப் பொருத்திப் பாருங்கள். பிறகு ஹெட்டைச் சாய்த்து, போர்ட்டுக்குள் (வால்வுக்குச் செல்லும் காற்று வழி) மண்ணெண்ணெயை ஊற்றிச் சிறிது நேரம் விடுங்கள். எரியறைப் பக்கம் ஈரம் கசியாமல் இருந்தால்தான் வால்வு வேலை முடிந்தது. இன்டேக் ரப்பரும் கேஸ்கெட்டும் போர்ட்டின் வாயோடு பொருந்தாமல் விளிம்பு நீட்டிக்கொண்டிருந்தால், அந்த விளிம்பை மட்டும் சீராக்கலாம். போர்ட்டைக் குடைந்து பெரிதாக்க வேண்டாம். வாய் பெரிதானால் காற்றின் வேகம் குறைந்து, நடுச் சுழற்சி இழுவை போய்விடும். ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சீவிக் கம்ப்ரஷனை உயர்த்தலாம் என்று யாராவது சொன்னால், வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையே மிஞ்சும் தூரத்தை அளந்து காட்டச் சொல்லுங்கள். அளக்க முடியாதவரிடம் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள். பூட்டும்போது புதிய கேஸ்கெட் போட்டு, போல்ட்டுகளைக் கையேட்டில் உள்ள வரிசையிலும் அளவிலும் டார்க் ரென்ச் வைத்து முடுக்கி, முதல் 1,000 கிலோமீட்டருக்குள் வால்வு இடைவெளியை மறுபடி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.