‘நண்டு’ வருகிறது, ‘பழம்’ வரவில்லையா?

நாக்கின் அசைவு, பேச்சு, விழுங்குதல் பற்றி வடசென்னை வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில்.

என் மகளுக்கு 5 வயது. ‘பழம்’ என்பதைப் ‘பயம்’ என்கிறாள். நாக்குக்கு அடியில் இருக்கும் நரம்பை வெட்டிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். வெட்டலாமா?
– வாசகி, வியாசர்பாடி

அவசரப்பட்டு வெட்ட வேண்டாம். அது நரம்பே அல்ல, நாக்கின் அடிப்பகுதியை வாயின் தரையோடு சேர்க்கும் மெல்லிய சவ்வு.

முதலில் குழந்தையை ‘நண்டு, வண்டி, லட்டு’ என்று சொல்லச் சொல்லுங்கள். ‘ட’ வர வேண்டுமானால் நாக்கு நுனி மேலே வளைந்து அண்ணத்தைத் தொட்டாக வேண்டும். ‘ல’ வர, மேல்பல் வரிசைக்குப் பின்னால் உள்ள ஈறு மேட்டைத் தொட வேண்டும். இந்த மூன்று சொல்லும் தெளிவாக வந்தால், நுனி தாராளமாக மேலே எழும்புகிறது என்று பொருள். சவ்வின் மேல் பழி போட இடமில்லை. சவ்வு உண்மையிலேயே குட்டையாக இருந்தால், நாக்கை நீட்டும்போது அது கீழுதட்டைத் தாண்டாது, நுனியின் நடுவில் பிளவுபட்டதுபோல் குழியும், வாயை அகலத் திறந்தபடி நுனியைத் தூக்க முடியாது. வெட்டும் தேவை பெரும்பாலும் பால் குடிக்கும் வயதில்தான் வரும்: குழந்தை மார்பைப் பற்ற முடியாமல் நழுவுகிறது, தாய்க்குக் காம்பு புண்ணாகிறது, எடை ஏறவில்லை. அப்போதும் பால் கொடுக்கும் நிலையைச் சரிசெய்து பார்த்த பிறகே வெட்டலாமா என்று யோசிக்க வேண்டும்.

‘ழ’ கடினமான ஒலி. ரகரமும் ழகரமும் நுனிநாக்கு மேலெழுந்து அண்ணத்தை வருடப் பிறப்பவை என்று தொல்காப்பியத்தின் பிறப்பியலே சொல்கிறது. தமிழின் ர, ற, ல, ள, ழ ஐந்தையும் எம்.ஆர்.ஐ. படம், அண்ணத்தில் பொருத்தும் மின்தகடு, நாக்கில் ஒட்டும் உணரிகள் ஆகியவற்றால் அளந்த ஆய்வு 1999-இல் வெளியானது. ‘ள’ சொல்லும்போது வளைந்த நுனி அண்ணத்தைத் தொட்டு நடுவழியை அடைக்கும், காற்று பக்கவாட்டில் போகும். ‘ழ’ சொல்லும்போது நுனி அதேபோல் பின்வாங்கும், ஆனால் நடுவழியை அடைக்காமல் நிற்கும். தொடுவதைவிட, தொடாமல் அந்தரத்தில் நிறுத்துவதுதான் கடினம். அதனால்தான் பிள்ளைகளுக்கு இந்த ஒலி கடைசியில் வருகிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். வீட்டில் பாட்டி ‘வாயப்பயம்’, ‘கெய்வி’ என்று பேசுகிறாரா? அப்படியானால் குழந்தை கேட்டதைத்தான் பேசுகிறாள். அது எங்கள் தெருக்களின் பேச்சு, நோயல்ல. அதற்காகக் குழந்தையைத் திருத்தித் திருத்தி வாயை மூட வைத்துவிடாதீர்கள். கற்றுக்கொடுக்க விரும்பினால், கண்ணாடி முன் உட்கார்ந்து ‘ஆ...’ என்று நீட்டிச் சொல்லச் சொல்லி, சத்தம் நிற்காமலே நுனியை மெல்லப் பின்னால் வளைக்கச் சொல்லுங்கள். நுனி அண்ணத்தில் முட்டினால் ‘ள’ ஆகிவிடும். கொஞ்சம் இறக்கச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு 5 நிமிடம் போதும்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து 2 மாதம் ஆகிறது. நாக்கை நீட்டினால் வலப்பக்கம் போகிறது. கூழ் இறங்குகிறது, தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. ஏன்?
– வாசகர், காசிமேடு

படகில் இடப்பக்கம் மட்டும் துடுப்பு போட்டால் அது வலப்பக்கம் திரும்பும் இல்லையா? நாக்கும் அப்படித்தான். அதை முன்னே தள்ளும் தசை இரண்டு பக்கமும் உண்டு. வலது தசை பலமிழந்தால் இடது மட்டும் தள்ளும், நாக்கு பலமிழந்த பக்கமாகவே சாயும்.

தண்ணீர் வேகமாக ஓடுவது. அதைக் குழித்துப் பிடித்து, சரியான நொடியில் பின்னே தள்ளுவது நாக்கின் வேலை. பிடி தளர்ந்தால், மூச்சுக்குழல் மூடுவதற்கு முன்பே தண்ணீர் தொண்டைக்குள் இறங்கிவிடும். கூழ் மெல்ல நகர்வதால் நேரம் கிடைக்கிறது. ரசம் சாதம் இவருக்குக் கூழைவிட ஆபத்து: சோற்றை மெல்லும்போதே ரசம் முன்னால் ஓடிவிடும். நேராக உட்கார வைத்து, ஒரு தேக்கரண்டி அளவாக, அதாவது சுமார் 5 மில்லி, கொடுங்கள். விழுங்கிய பிறகே அடுத்தது. சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்க வேண்டாம். வலது கன்னத்துக்குள் சோறு தங்கியிருக்கிறதா பாருங்கள், இரவில் பல் துலக்கிவிடுங்கள். வாய்க் கிருமி நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். இருமலே இல்லாமலும் உள்ளே போகலாம். குடித்ததும் குரல் ஈரமாகக் கரகரத்தாலோ, அடிக்கடி காய்ச்சல் வந்தாலோ சந்தேகப்படுங்கள்.

ஸ்டான்லி போன்ற பெரிய அரசு மருத்துவமனையில் விழுங்குதல் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். நாக்கை அண்ணத்தோடு அழுத்திப் பிடிக்கும் பயிற்சி உண்டு. 70 வயது கடந்த ஆரோக்கியமானவர்கள் 8 வாரம் இதைச் செய்தபோது நாக்கின் அழுத்தம் கூடியதாக 2005-இல் ஓர் ஆய்வு வந்தது. ஆனால் எவ்வளவு அழுத்தம், எத்தனை முறை என்பதை அப்பாவைப் பரிசோதித்தவரே சொல்ல வேண்டும். இன்னொரு முறை திடீரென்று நாக்கோ வாயோ கோணினால் உடனே 108. மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம்.

மாவா போடும் பழக்கம் உண்டு. நாக்கின் ஓரத்தில் ஒரு மாதமாகப் புண். வலி இல்லை, விட்டுவிடலாமா?
– வாசகர், தண்டையார்பேட்டை

விடவே கூடாது. இந்த வாரமே காட்டுங்கள். வலி இல்லாததும், நாக்கின் ஓரத்தில் இருப்பதும் ஆறுதலான செய்தி அல்ல. கூரான பல் உரசியிருந்தால் பல்லைத் தேய்த்துச் சரிசெய்த 2 வாரத்தில் ஆற வேண்டும். ஆறாவிட்டால், ஓரம் கெட்டியாக இருந்தால், நாக்கை நீட்ட முடியாமல் இழுத்தால், சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிப்பதே வழி. மாவாவில் புகையிலை மட்டுமல்ல, பாக்கும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்தியது. இன்றே நிறுத்துங்கள்.

வலிப்பு வந்தால் நாக்கை விழுங்கிவிடுவார்களா? இரும்புச் சாவி கொடுக்கிறார்களே?
– மாணவி, ராயபுரம்

விழுங்க முடியாது. நாக்கின் தசை தாடை எலும்பின் உட்புறத்தில் பிணைந்திருக்கிறது. பற்களுக்கிடையே கரண்டி நுழைத்தால் பல்தான் உடையும், சாவியால் வலிப்பு நிற்காது. தலைக்கடியில் துணி வைத்து, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எச்சில் வெளியே வடியும். நேரம் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால் 108.